உடம்புக்குள்ளே ஒரு ‘அணை நீர்மட்டம்’! மாற்று நுரையீரலைக் காக்க உதவும் அப்பாவி வைரஸ்

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, செக்போஸ்ட்டில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு, வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் மாஞ்சோலைக்குப் போனவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும். பாதி மலை ஏறியதும் ஜன்னல் வழியா ஒரு குளிர்ந்த காற்று வரும். யாரும் சொல்லாமலே எல்லாரும் ஒரு தடவை மூச்சை நல்லா இழுத்து விடுவாங்க. அந்த ஒரு மூச்சுக்காகவே திரும்பத் திரும்பப் போகிறவர்கள் உண்டு.

இப்போ அதே மலையில் பிறந்து வளர்ந்த ஒருத்தரைக் கற்பனை பண்ணிக்கோங்க. பேர் வேண்டாம். நெல்லைக்காரர்தானே, ‘அண்ணாச்சி’ன்னே கூப்பிடுவோம். 45 வயசு. தேயிலைக் கூடையைச் சுமந்து மேடு ஏறி இறங்கியவருக்கு, இப்போ பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்குது. நுரையீரல் தழும்பு ஏறி இறுகிப்போச்சு. சென்னைக்குப் போகிறார், வெயிட்டிங் லிஸ்ட்டில் பேர் ஏறுகிறது, யாரோ ஒருவரின் குடும்பம் பெரிய மனசு பண்ண, புது நுரையீரல் கிடைக்கிறது. ஊருக்குத் திரும்புகிறார்.

சினிமான்னா இங்கே ‘சுபம்’ போட்டுடுவாங்க. நிஜத்தில் கதை இங்கேதான் தொடங்குது. அந்தக் கதையில் ஒரு வைரஸ் வருகிறது. வில்லனா இல்லை, சாட்சியா!

முதலில் ஒரு குட்டி வரலாறு

மனிதருக்கு முதன்முதலில் நுரையீரல் மாற்றப்பட்டது 1963-ல், அமெரிக்காவின் மிசிசிப்பியில். செய்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி. அந்த நோயாளி 18 நாள்கள்தான் வாழ்ந்தார். அடுத்த 20 வருடங்கள் உலகம் முழுக்க முயற்சிகள் நடந்தன. யாரும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1983-ல் கனடாவின் டொரன்டோவில் டாக்டர் ஜோயல் கூப்பர் குழு செய்த ஆபரேஷன்தான் முதல் நீண்டகால வெற்றி. இடைப்பட்ட காலத்தில் நடந்த பெரிய மாற்றம், சைக்ளோஸ்போரின் என்கிற மருந்து. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது அது. உடம்பு புது உறுப்பைத் தாக்காமல் தடுக்கும்.

நம்ம பக்கம் வருவோம். 1999-ல் சென்னையில் டாக்டர் கே.எம்.செரியன் குழு, இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றியது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவருடைய பெற்றோரே தானம் செய்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தானமாகப் பெறுவதற்கான அரசுத் திட்டம் உருவானதும் அதே வருடம்தான். இன்று அந்தப் பட்டியலையும் பங்கீட்டையும் கவனிப்பது ‘டிரான்ஸ்டான்’ எனப்படும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். 2020 ஆகஸ்ட்டில், கொரோனாவால் நுரையீரல் கெட்டுப்போன ஒருவருக்கு சென்னை எம்.ஜி.எம் ஹெல்த்கேர் மருத்துவமனையில் டாக்டர் கே.ஆர்.பாலகிருஷ்ணன் குழு இரண்டு நுரையீரல்களையும் மாற்றியது. ஆசியாவிலேயே இது முதல் முறை என்று அப்போது செய்தி வந்தது. இந்த சிகிச்சையில் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் ஊர்களில் ஒன்று, சென்னை.

யாருக்கெல்லாம் இது தேவைப்படும்? நுரையீரல் தழும்பு நோய், சி.ஓ.பி.டி, நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் போன்றவை முற்றி, மருந்துக்கு மசியாத கட்டத்தில் இருப்பவர்களுக்கு. 2017-ல் வெளியான, 27 மருத்துவ மையங்களைச் சேர்ந்த 1,084 நோயாளிகளின் இந்தியப் பதிவேட்டைப் பார்த்தால், தழும்பு நோய்களில் கிட்டத்தட்ட பாதி, சுமார் 47 சதவிகிதம், பூஞ்சைத் தூசு, பறவை எச்சம், ஏர்கூலர் ஈரம் மாதிரியானவற்றை மூச்சில் இழுத்து இழுத்து வரும் ஒவ்வாமை வகை. ‘சும்மா சளிதான்’னு வருஷக்கணக்கா விட்டுடுற இருமலுக்குப் பின்னாடி இது இருக்கலாம்.

நுரையீரல் மட்டும் ஏன் இவ்வளவு அடம்பிடிக்குது?

கிட்னி, கல்லீரல், இதயம் எல்லாம் உடம்புக்குள் பத்திரமா மூடி வைக்கப்பட்ட உறுப்புகள். நுரையீரல் அப்படி இல்லை. ஒரு நாளைக்கு 20,000 தடவைக்கு மேல் வெளிக்காற்று அதற்குள் போய் வருகிறது. அந்தக் காற்றோடு தூசு, பூஞ்சை, பக்டீரியா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஜலதோஷம் எல்லாமே வரும். அதனால் நம் உடம்பு நுரையீரலில் காவலை எப்போதும் பலமா வைத்திருக்கும். புது நுரையீரல் வந்ததும் அந்தக் காவலர்கள் சும்மா இருப்பார்களா? “இது யாரு, நம்ம வீட்டு ஆளு இல்லையே!”ன்னு தாக்க ஆரம்பித்துவிடுவார்கள். இதைத்தான் ‘ரிஜெக்‌ஷன்’ என்கிறார்கள்.

அதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்துகள்: டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு. இவை காவலர்களைத் தூங்க வைக்கின்றன. தூக்கம் பத்தவில்லை என்றால் ரிஜெக்‌ஷன். தூக்கம் கூடிப்போனால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நூல் பிடித்த மாதிரி நடுவில் நடக்க வேண்டும்.

அந்த நடை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். சர்வதேசப் பதிவேடுகளின்படி நுரையீரல் மாற்றியவர்களின் இடைநிலை ஆயுள் சுமார் 6 முதல் 7 வருடங்கள். அதாவது, பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்கிறார்கள், பாதிப் பேரால் முடிவதில்லை. மற்ற முக்கிய உறுப்பு மாற்றங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, புது நுரையீரல் மெல்ல மெல்லத் திறன் இழக்கும் ‘நாள்பட்ட ரிஜெக்‌ஷன்’ தொடங்கிவிடுகிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆபரேஷன் டேபிளில் ஜெயிக்கிற சண்டை, அதற்குப் பிறகான மாதங்களில்தான் நிலைக்குமா இல்லையா என்று முடிவாகிறது.

ராத்திரி 11 மணி, 100 டிகிரி காய்ச்சல்

அண்ணாச்சிக்கு வருவோம். ஆபரேஷன் முடிந்து ஏழாவது மாசம். ஒரு ராத்திரி லேசா காய்ச்சல், கொஞ்சம் இருமல், ஊதிப் பார்க்கும் கருவியில் எண் வழக்கத்தைவிடக் குறைவு. இது என்ன?

ஒன்று, ரிஜெக்‌ஷன். அப்படின்னா எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்கணும், ஸ்டீராய்டை ஏற்றணும். இல்லேன்னா, கிருமித்தொற்று. அப்படின்னா அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டி வரலாம். இரண்டுக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒண்ணுதான், வைத்தியம் நேரெதிர்! தொற்று இருக்கும்போது ரிஜெக்‌ஷன்னு நினைச்சு ஸ்டீராய்டு ஏற்றினால், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின கதைதான்.

டாக்டர்கள் குத்துமதிப்பா முடிவெடுப்பதில்லை. எக்ஸ்ரே, சி.டி ஸ்கேன், சளிப் பரிசோதனை, மூச்சுக்குழாய் வழியா கேமராவை விட்டு நுரையீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது என எல்லாம் செய்வார்கள். ஆனால் துணுக்கு எடுப்பதில் ரத்தக்கசிவு, காற்றுக்கசிவு ஆபத்து கொஞ்சம் உண்டு. வாராவாரம் செய்ய முடியாது.

அப்போ, “இந்த மனுஷனோட எதிர்ப்பு சக்தி இப்போ எந்த அளவில் இருக்கு?”ன்னு ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிஞ்சா எப்படி இருக்கும்?

மழை அளவு வேற... நீர்மட்டம் வேற!

“டாக்ரோலிமஸ் அளவைத்தான் ரத்தத்தில் பார்க்கிறாங்களே?”ன்னு கேட்கலாம். ஆமா, பார்க்கிறாங்க. காலை மாத்திரை போடுவதற்கு முன்னால், அதாவது முந்தைய மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். நுரையீரல் மாற்றிய முதல் வருடத்தில், ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 10 முதல் 15 நானோகிராம் வரை இருக்கும்படி பல மையங்கள் பார்த்துக்கொள்கின்றன. அது கூடினால் கிட்னி பாதிப்பு, கை நடுக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எனத் தொல்லைகள் வரும்.

ஆனால் அந்த எண் சொல்வது, ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கு என்பதை மட்டும்தான். அந்த மருந்து உங்க எதிர்ப்பு சக்தியை எவ்வளவு அடக்கியிருக்கு என்பதை அது சொல்லாது.

திருநெல்வேலிக்காரங்களுக்கு இதைப் புரியவைப்பது ஈஸி. மழைக்காலத்தில் தினமும் செய்தியில் இரண்டு கணக்கு வரும். ஒன்று, ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலையில் எத்தனை மில்லி மீட்டர் மழை. இன்னொன்று, மணிமுத்தாறு, பாபநாசம் அணைகளில் நீர்மட்டம் எத்தனை அடி. ஊத்தில் கொட்டித் தீர்த்த அன்றைக்கே அணை நிரம்பிவிடாது. மண் எவ்வளவு குடித்தது, ஓடையில் எவ்வளவு வந்தது, ஏற்கெனவே அணையில் எவ்வளவு கிடந்தது என்பதையெல்லாம் பொறுத்துத்தான் மட்டம் ஏறும். ஷட்டரைத் திறக்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க நீர்மட்டம்தான் முக்கியம்.

டாக்ரோலிமஸ் அளவு, மழை அளவு மாதிரி. டாக்டர்கள் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருப்பது அந்த ‘நீர்மட்ட அளவுகோலை’த்தான்.

ரத்தத்தில் இருக்கும் வைரஸ்கள்: வில்லன்கள் ஒரு பக்கம்

நம்ம எல்லார் உடம்பிலும், நல்லா இருக்கும்போதே, சில வைரஸ்கள் குடியிருக்கு. நம்பக் கஷ்டமா இருந்தாலும் உண்மை. அதில் இரண்டை உறுப்பு மாற்றியவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்கணும்.

முதலாவது சி.எம்.வி எனப்படும் சைட்டோமெகலோ வைரஸ். இந்தியாவில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இது வாழ்வில் எப்போதோ வந்து, சத்தமில்லாமல் உள்ளேயே தங்கியிருக்கும். எதிர்ப்பு சக்தி அடங்கியதும் எழுந்து நுரையீரல், குடல், கண் எனத் தாக்கும். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதங்களுக்கு வால்கான்சிக்ளோவிர் என்கிற மருந்தைக் கொடுத்து, பி.சி.ஆர் டெஸ்ட் மூலம் ரத்தத்தில் அதை எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாவது இ.பி.வி எனப்படும் எப்ஸ்டீன் பார் வைரஸ். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தால், சிலருக்கு இது நிணநீர்ப் புற்றுநோய் போன்ற வளர்ச்சிக்குக் காரணமாகலாம்.

இந்த இரண்டும் ஏறினால் எதிர்ப்பு சக்தி ரொம்பவே அடங்கிவிட்டது என்று ஊகிக்கலாம். ஆனால் இவை அலாரம் அடிப்பது திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு. அதுவும் சி.எம்.வி-க்கு மருந்து கொடுத்து அடக்கி வைத்திருப்பதால், அதன் எண்ணிக்கை உண்மையான நிலவரத்தைக் காட்டாது. ரிஜெக்‌ஷன் பக்கம் சாயும்போது இவற்றால் எதுவும் சொல்ல முடியாது.

என்ட்ரி கொடுக்கும் டி.டி.வி

டி.டி.வி-ன்னதும் ஓர் அரசியல்வாதி ஞாபகத்துக்கு வந்தா அதுக்கு நாங்க பொறுப்பில்லை பாஸ்! இது டார்க் டெனோ வைரஸ்.

1997-ல் ஜப்பானில், ரத்தம் ஏற்றிய பிறகு காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி வந்த ஒரு நோயாளியின் ரத்தத்தில் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நோயாளியின் பெயர் முதலெழுத்துகள் டி.டி. அதையே வைரஸுக்கு வைத்துவிட்டார்கள். கல்லீரல் நோய்க்கு இதுதான் காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். தேடத் தேட, ஆரோக்கியமானவர்களிடமும் இருந்தது. உலகின் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. இதனால் வருகிற நோய்னு ஒண்ணைக்கூட உறுதியா நிரூபிக்க முடியவில்லை. சந்தேகத்தின் பேரில் பிடித்துவந்து, அப்பாவின்னு விடுதலை செய்த கேஸ் மாதிரி.

பின்னாளில் அந்த டி.டி.க்கு லத்தீனில் ஒரு விரிவாக்கம் தேடிக் கொடுத்தார்கள். ‘டார்க்வெஸ்’ என்றால் கழுத்தணி, ‘டெனுயிஸ்’ என்றால் மெல்லிய. காரணம், இதன் மரபணு ஒற்றை இழையில் வளையமாக, மெல்லிய சங்கிலி மாதிரி இருக்கும். சுமார் 3,800 எழுத்துகள்தான், ரொம்பச் சின்ன வைரஸ். சின்ன வயசிலேயே நமக்குள் வந்துவிடுகிறது. பெரியவர்களில் பெரும்பாலானோர் ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இதை வாசிக்கிற உங்களிடமும், எழுதுகிற என்னிடமும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த அப்பாவியை ஏன் டாக்டர்களுக்குப் பிடிச்சுப்போச்சு? மூணு காரணம்.

1. கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருக்கு. அதனால் எல்லாரிடமும் அளக்கலாம்.

2. இது நோய் உண்டாக்குவதில்லை. அதனால் யாரும் இதற்கு மருந்து கொடுப்பதில்லை. சி.எம்.வி-க்குக் கொடுக்கும் மருந்தும் இதைத் தொடுவதில்லை. எண்ணிக்கை கலப்படமில்லாமல் கிடைக்கும்.

3. இதை அடக்கி வைத்திருப்பது நம் எதிர்ப்பு சக்தி மட்டும்தான். காவலர்கள் விழித்திருந்தால் இது குறையும், தூங்கினால் பெருகும்.

புரியுதா? இதுதான் அந்த அணை நீர்மட்டம்!

வெள்ளமா... வறட்சியா?

2013-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, இதயம் அல்லது நுரையீரல் மாற்றப்பட்ட 96 பேரிடமிருந்து 656 ரத்த மாதிரிகளை எடுத்து, அதில் மிதக்கும் எல்லா வைரஸ் மரபணுக்களையும் எண்ணியது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தொடங்கியதும் டி.டி.வி குடும்பம் மளமளவென்று பெருகியது. ரிஜெக்‌ஷன் வந்தவர்களிடம் அதன் அளவு, வராதவர்களைவிடக் குறைவாக இருந்தது.

அடுத்து ஆஸ்திரியாவின் வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் நுரையீரல் மாற்றியவர்களை மட்டும் எடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். உலகிலேயே அதிக நுரையீரல் மாற்று ஆபரேஷன்கள் நடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அவர்கள் கண்டது இது: ஆபரேஷனுக்குப் பிறகு டி.டி.வி ஏறிக்கொண்டே போய், சுமார் மூன்று மாதத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அதன் பிறகு மெல்ல இறங்கி, ஆளாளுக்கு ஒரு மட்டத்தில் நிற்கிறது. 2018-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு, ஓர் எல்லைக்கோட்டையும் வரைந்து பார்த்தது. ஒரு மில்லி லிட்டரில் டி.டி.வி சுமார் 1 கோடிக்குக் கீழே போனால் ரிஜெக்‌ஷன் பக்கம் கவனம் தேவை. சில நூறு கோடிகளைத் தாண்டினால் தொற்று பக்கம் கவனம் தேவை. கோடியைக் கேட்டு மிரளாதீங்க, வைரஸ் உலகத்தில் இதெல்லாம் சகஜமான எண்கள்.

அணைக் கணக்கில் சொன்னால், மட்டம் ரொம்ப இறங்கினால் வறட்சி. அதாவது, காவலர்கள் முழிச்சுட்டாங்க, மருந்து பத்தலை, புது நுரையீரலுக்கு ஆபத்து. மட்டம் ரொம்ப ஏறினால் வெள்ளம். மருந்து கூடிப்போச்சு, கிருமி நுழையலாம். நடுவில் நின்றால் நிம்மதி.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. இந்த டெஸ்ட்டின் பலம், “நடுவில் இருக்கிறீர்கள், பெரிய பிரச்னைக்கு வாய்ப்பு குறைவு” என்று தைரியம் சொல்வதில்தான். கோட்டைத் தாண்டினாலே பிரச்னை உறுதி என்று அர்த்தம் கிடையாது. கோட்டைத் தாண்டியவர்களில் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. அணை மட்டம் ஏறினால் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள் இல்லையா, அது மாதிரி ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்.

அப்போ எல்லா ஆஸ்பத்திரியிலும் ஏன் செய்யலை?

நியாயமான கேள்வி. காரணங்கள் இவை.

ரொம்ப மெதுவா நகரும்: மருந்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ, டி.டி.வி புது மட்டத்துக்கு வர வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் இது உதவாது. ராத்திரி 11 மணிக் காய்ச்சலுக்கு இதை மட்டும் வைத்துப் பதில் சொல்லவும் முடியாது. போன மாசமே எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தோம் என்று சொல்லும், அவ்வளவுதான்.

ஆளுக்கு ஆள் வித்தியாசம்: வயது போன்ற காரணங்களால் அளவு மாறும். ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது, தொடர்ச்சியாகப் பார்க்கணும்.

லேபுக்கு லேப் வித்தியாசம்: இந்த வைரஸில் நிறைய உட்பிரிவுகள் இருக்கு. ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

கடைசியா, முக்கியமான காரணம்: ‘அளந்தோம், தெரிஞ்சுது’ என்பது வேறு, ‘அளந்து மருந்தை மாற்றினோம், நோயாளி நல்லா இருந்தார்’ என்பது வேறு. இரண்டாவதை நிரூபிக்கத்தான் ஐரோப்பாவில் சோதனைகள் நடத்துகிறார்கள். கிட்னி மாற்றியவர்களிடம் வியன்னா பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஒரு பெரிய சோதனை, நுரையீரல் மாற்றியவர்களிடம் ஜெர்மனியின் ஹானோவர் மருத்துவக் கல்லூரி முன்னெடுக்கும் ‘விஜிலங்’ சோதனை. ஒரு குழுவுக்கு வழக்கப்படி மருந்து, இன்னொரு குழுவுக்கு டி.டி.வி அளவையும் பார்த்து மருந்து. எந்தக் குழு நல்லா இருக்கு என்று ஒப்பிடுகிறார்கள். கிட்னிக்கு நல்லா வேலை செய்தால் நுரையீரலுக்கும் அப்படியே பொருந்தும்னு எடுத்துக்கவும் முடியாது.

அதனால், “டாக்டர், எனக்கு டி.டி.வி டெஸ்ட் எழுதுங்க”ன்னு இந்தக் கட்டுரையைக் காட்டிச் சண்டை போட வேண்டாம். வழக்கமான சிகிச்சை நெறிமுறைக்குள் இது இன்னும் முழுசா வரலை. ஆனால் வந்துகொண்டிருக்கும் பாதை இது.

மாஞ்சோலைக்கு இது ஏன் முக்கியம்?

திருநெல்வேலியிலிருந்து சென்னை சுமார் 650 கி.மீ. மாஞ்சோலையிலிருந்து என்றால், முதலில் மலை இறங்கணும், அம்பை வரணும், நெல்லை ஜங்ஷன் வரணும், ராத்திரி ரயில் பிடிக்கணும். உடம்பு சரியில்லாத ஒருவரும் துணைக்கு ஒருவரும் மாதாமாதம் இப்படிப் போய்வருவதை நினைச்சுப் பாருங்க. டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம், துணைக்கு வருபவரின் சம்பள இழப்பு... அதற்கு மேல், 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் குத்தகைக்குக் கொடுத்த அந்தத் தோட்டத்தை நம்பி நாலு தலைமுறையா வாழ்ந்த குடும்பங்கள், 2024-ல் விருப்ப ஓய்வு அறிவிப்புக்குப் பிறகு வேலையும் வீடும் என்னாகும் என்ற கவலையில் மலையிறங்கத் தொடங்கியதும் நமக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டில் ஒருவருக்கு மாற்று நுரையீரல் என்றால், ஒவ்வொரு பயணமும் ஒரு பெரிய முடிவு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை புரண்டபோது, ரோடும் தண்டவாளமும் துண்டிக்கப்பட்டு, திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நடுவழியில் நின்றது நினைவிருக்கும். அந்த நாள்களில் மாத்திரை தீர்ந்துபோன ஒரு உறுப்பு மாற்று நோயாளியின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

ஆள் 650 கி.மீ போவது கஷ்டம். ஒரு சின்ன ரத்தக் குப்பி போவது சுலபம். குளிர்பெட்டியில் வைத்து அனுப்பிவிடலாம். பிளட் டெஸ்ட்டில் ‘நடுவில் இருக்கிறார்’னு தெரிந்தால், தேவையில்லாத சில பயணங்களையும் சில துணுக்குப் பரிசோதனைகளையும் ஒருநாள் தவிர்க்க முடியலாம். கோட்டைத் தாண்டினால், காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே “வாங்க அண்ணாச்சி, ஒரு தடவை பார்த்துடுவோம்”ன்னு கூப்பிடலாம். பெரிய நகரத்துக்காரரைவிட, தூரத்து மலை ஊர்க்காரருக்குத்தான் இந்த மாதிரி டெஸ்ட் அதிகம் தேவை.

அதுவரை நம்மூர்க்காரங்க கவனிக்க வேண்டியவை

உங்க வீட்டிலோ தெருவிலோ நுரையீரல் மாற்றியவர் இருந்தால், இந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைங்க.

* மாத்திரை நேரம் தவறக் கூடாது. காலை 8, இரவு 8 என்றால் அதே நேரம்தான். ரத்தப் பரிசோதனை அன்று, ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. மறந்து போட்டுவிட்டால் லேபில் சொல்லிவிடுங்க. சொல்லாவிட்டால் தவறான எண்ணை வைத்து மருந்தை மாற்றிவிடுவார்கள்.

* குறைந்தது இரண்டு வாரத்துக்குத் தேவையான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கூடுதலா.

* கம்பெனியை மாற்றி வேறு பிராண்டு டாக்ரோலிமஸ் கொடுத்தால், மருத்துவமனையில் கேட்காமல் வாங்காதீங்க. ரத்தத்தில் ஏறும் அளவு மாறலாம்.

* பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் வேண்டாம். டாக்ரோலிமஸ் உடைபடுவதைத் தடுத்து, அளவைத் திடீரென ஏற்றிவிடும்.

* ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’னு யார் எந்தக் கஷாயம், லேகியம், பொடி கொடுத்தாலும், முதலில் டாக்டரிடம் கேளுங்க. நமக்கு நல்லது, அவருக்கு ஆபத்தா முடியலாம். அவர் எதிர்ப்பு சக்தியை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

* உள்ளூர் டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையே “எனக்கு நுரையீரல் மாத்தியிருக்கு” என்பதா இருக்கட்டும். சில பூஞ்சைக்கொல்லி மருந்துகளும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தலைகீழா இறக்கிவிடும்.

* உரக்குழி, மக்கிய இலைக் குப்பை, ஈரச்சுவர்ப் பூஞ்சை, கோழிக்கூடு பக்கம் போகாமல் இருப்பது நல்லது. போயே ஆகணும்னா முகக்கவசம் கட்டாயம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்காதீங்க. தோல் வழியா நுழையும் ஒரு வகைக் குடற்புழு, எதிர்ப்பு சக்தி அடங்கியவரின் உடம்பெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும்.

* ஊதிப் பார்க்கும் கருவியின் எண்ணைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்க. வழக்கத்தைவிட 10 சதவிகிதம் குறைந்தாலே போன் போடுங்க. காய்ச்சல், புது இருமல், மூச்சு வாங்குதல் எதுவானாலும், ‘நாளைக்குப் பார்ப்போம்’ வேண்டாம். பாராசிட்டமால் போட்டு மறைச்சுடவும் வேண்டாம்.

* உயிருள்ள கிருமி வகைத் தடுப்பூசிகள் கூடாது. ஃப்ளூ போன்றவற்றுக்கான செயலிழந்த வகை ஊசிகளை டாக்டரிடம் கேட்டுப் போடலாம். வீட்டில் இருக்கிற மற்றவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது அவருக்கு ஒரு கவசம்.

கடைசியா ஒரு விஷயம்

டி.டி.வி-யோ, டாக்ரோலிமஸோ, எல்லாமே நுரையீரல் கிடைத்த பிறகான கதை. அது கிடைப்பதுதான் முதல் கஷ்டம். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளில் ரொம்ப சீக்கிரம் கெட்டுப்போவது நுரையீரல்தான். தானமாக வரும் உடல்களில் பெரும்பாலானவற்றில் நுரையீரலைப் பயன்படுத்த முடிவதில்லை. எடுத்த பிறகும் சில மணி நேரத்துக்குள் பொருத்தியாகணும். தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்தது, இந்த முடிவின் கனத்தை உணர்ந்துதான்.

நீங்க கார்டு வாங்கி வைத்திருந்தாலும், அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியது உங்க குடும்பம். அதனால் கார்டை பர்ஸில் வைப்பதோடு நிறுத்தாதீங்க. இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. “எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, கொடுத்துடுங்க” - அவ்வளவு போதும்.

எங்கேயோ ஒரு மலை ஊரில், ஒரு அண்ணாச்சி பஸ் ஜன்னலைத் திறந்து, மூச்சை நல்லா இழுத்து விடுவார்.